ஹியூ அண்ட் க்ரை: கூக்குரலும் அதைக் கேட்டோர் கடமையும்

இன்றைய ஆங்கில நாளேடுகளில் ‘ஹியூ அண்ட் க்ரை’ என்னும் தொடர், அரசின் முடிவொன்றை எதிர்த்து மக்களிடையே எழும் கண்டனத்தையும் பேரிரைச்சலையும் குறிக்கும் பொருளிலேயே பெரிதும் ஆளப்படுகிறது. வரி உயர்ந்தாலும், நூலகம் ஒன்று மூடப்பட்டாலும், அமைச்சர் ஒருவர் வாய்தவறிப் பேசினாலும், அதை ஒட்டி எழும் ஆரவாரம் அனைத்துக்கும் அந்த ஒரு தொடரே போதுமானதாகிவிட்டது. அகராதிகள் இந்தப் பொருளை முதலில் தந்து, குற்றவாளியைத் துரத்துவதற்காக எழுப்பப்படும் கூச்சல் என்ற பழைய பொருளையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுக் காலச் சட்ட வரலாறு அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றில் கூவியவரின் குரலைவிட அதைக் கேட்டவரின் கடமையே பெரிதாக மதிக்கப்பட்டது என்பதும், காலப்போக்கில் குரல் நிலைத்துக் கடமை மட்டும் கழன்றுபோயிற்று என்பதும், அந்தக் கழிவின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதுமே இவ்வுரையில் ஆராயப்படுகின்றன.

தொடரின் முதற்சொல்லான ‘ஹியூ’, நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் ஒத்திருந்தாலும் அதனோடு உறவுடையதன்று. கூவுதல், கூச்சலிட்டு விரட்டுதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையொன்றிலிருந்து அது பிறந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் வழக்குமன்றப் பேச்சு பிரெஞ்சாகவும் ஆவண எழுத்து இலத்தீனாகவும் அமைந்தமையால், இந்தக் கூக்குரல் ஏடுகளில் ‘ஹுதேசியும் எத் கிளாமோர்’ என்ற இலத்தீன் இணைச்சொல்லாகப் பதிவாயிற்று. இதிலுள்ள ‘கிளாமோர்’ என்பதுதான் இன்று பெருங்கூச்சலைக் குறிக்கும் ‘கிளமர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம். கவர்ச்சியைக் குறிக்கும் ‘கிளாமர்’ முற்றிலும் வேறானது. உரத்துக் கூவுதல் என்னும் பொருளுடைய அதே இலத்தீன் வினையின் வழியில்தான், உரிமை கோருதலைக் குறிக்கும் ‘கிளெய்ம்’ என்ற சொல்லும் வந்தது என்பது கருதத்தக்கது. நீதியைக் குறிக்கும் ‘முறை’யை உள்ளடக்கித் தமிழில் ‘முறையிடுதல்’ என்ற சொல் அமைந்திருப்பதைப் போலவே, அங்கும் கூவுதலும் வழக்குரைத்தலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ‘அப்ரோர்’, ‘ஹல்லபலூ’ முதலான பிற சொற்களுக்கு இந்தச் சட்டப் பின்புலம் இல்லை. முன்னது கிளர்ச்சி என்ற பொருளில் டச்சு மொழியிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்தது, பின்னது 18ஆம் நூற்றாண்டில் எழுத்தில் தோன்றியது. இரண்டும் இரைச்சலைக் குறிப்பதோடு நின்றுவிடுகின்றன.

சம்பளம் பெறும் காவலர் படை என்ற ஒன்று இல்லாத காலத்தில் குற்றவாளியைப் பிடிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் பழைய அரசர்கள் தந்த விடை, அது ஊராருடையது என்பதே. பல ஊர்களை உள்ளடக்கிய வட்டாரம் ‘ஹண்ட்ரட்’ எனப்பட்டது. நம் வருவாய்த் துறையின் பிர்க்காவை ஒத்த அளவில் அதை எண்ணிக்கொள்ளலாம். அதற்குள், 12 வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் அளவிலான குழுக்களாகப் பிணைக்கப்பட்டு, குழுவில் ஒருவன் குற்றம் செய்தால் ஏனையோர் அவனை மன்றத்தில் நிறுத்த வேண்டும் என்ற ஏற்பாடு பிற்காலத்தில் வேரூன்றியது. அக்குழுவுக்கு ‘டைத்திங்’ என்று பெயர். 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னரின் சட்டத்திலேயே, கூக்குரலைக் கேட்டும் அதைப் புறக்கணித்தவன் அரசனுக்குக் கீழ்ப்படியாமைக்கான தண்டத்தைச் செலுத்த வேண்டும், அல்லது தான் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி காணப்படுகிறது. கேட்டும் வராதிருப்பதே குற்றம் என்று வரையறுத்த இவ்விதிதான் இந்த அமைப்பு முழுவதற்கும் அடித்தளம்.

நடைமுறையில் அது எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று அருகில் நின்று காண்பது தகும். விடியலில் தொழுவத்துக்குப் போன ஒருவர் மாட்டைக் காணாமல், அவிழ்க்கப்பட்ட கயிற்றையும் ஈரமண்ணில் பதிந்த குளம்புத் தடத்தையும் கண்டால், அவர் முதலில் செய்ய வேண்டியது வாசலில் நின்று கூவுவது. ‘அவுட், அவுட்’, அதாவது ‘வெளியே வாருங்கள்’ என்பதே அக்குரலாக இருந்திருக்கும் என்று, 1895இல் ஆங்கிலச் சட்ட வரலாற்றை எழுதிய பொல்லக், மெய்ட்லண்ட் என்னும் அறிஞர் இருவரும் கருதினர். குரல் கேட்ட அண்டை வீட்டார், சட்டப்படி வீட்டில் வைத்திருக்க வேண்டிய வில்லையும் அம்பையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். கொம்பு ஊதப்பட வேண்டும். தடத்தைப் பின்பற்றி ஊரெல்லைவரை துரத்திச் சென்று, அங்கே அடுத்த ஊராரிடம் செய்தியை ஒப்படைக்க வேண்டும். அவர்கள் கொம்பூதித் தம் எல்லைவரை துரத்த வேண்டும். இவ்வாறு குரல் ஊர் ஊராகக் கைமாறிச் செல்லும்போது, திருடிய பொருளைக் கையில் ஏந்தியோ முதுகில் சுமந்தோ பிடிபட்டவனுக்கு மறுப்புரைக்கும் உரிமையே இருக்கவில்லை. துரத்தியவர்கள் சாட்சி சொல்ல, அவன் வாய்திறக்கக்கூட இடமின்றித் தண்டிக்கப்பட்டான். இந்த அமைப்பைப் புகழ்ந்து எழுதுவோர் இந்தக் கொடுமையைக் குறிக்காமல் விடுவது நேர்மையாகாது.

களவுக்கு மட்டும் உரியதாகவும் அது இருக்கவில்லை. வயலிலோ ஓடையிலோ பிணத்தைக் கண்டவர் சட்டத்தின் பார்வையில் ‘முதலில் கண்டவர்’ ஆகிவிடுவார். அவர் உடனே கூக்குரல் எழுப்ப வேண்டும், எழுப்பாமல் நழுவினால் தண்டம் கட்ட வேண்டும். 1194இல் ஏற்படுத்தப்பட்ட கொரோனர் என்னும் அதிகாரி, அதாவது ஐயத்துக்குரிய சாவுகளை விசாரிப்பதற்கென அரசன் சார்பில் அமர்த்தப்பட்டவர், ஊருக்கு வந்ததும் முதலில் கண்டவரையும் அருகில் வாழ்வோரையும் அழைத்து விசாரிப்பார். கூக்குரல் எழுப்பப்பட்டதா என்பதும் அவ்விசாரணையில் அடங்கும். அதனால் கொரோனர் ஏடுகளில் சாவின் விவரத்துக்குப் பக்கத்திலேயே கூக்குரலைப் பற்றிய குறிப்பும் இடம்பெற்றது.

இத்தகைய வழக்காற்றை எழுத்துச் சட்டமாக உறுதிப்படுத்தியது, முதலாம் எட்வர்ட் மன்னர் 1285இல் பிறப்பித்த வின்செஸ்டர் சட்டம். பிரெஞ்சில் எழுதப்பட்ட அச்சட்டம் தொடங்கும் முறையே அதன் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. கொள்ளையும் கொலையும் தீவைப்பும் நாளுக்கு நாள் பெருகுகின்றன என்று குறித்துவிட்டு, அயலாருக்கு இழைக்கப்படும் குற்றங்களில் உள்ளூர்ச் சான்றாளர்கள் (ஜூரிகள்) தம் ஊர்க்காரனைக் காட்டிக்கொடுப்பதைவிடக் குற்றம் தண்டனையின்றிப் போவதையே விரும்புகிறார்கள் என்று அது வெளிப்படையாகக் குறை கூறுகிறது. கூக்குரல் அமைப்பின் உண்மையான நோய் இங்கேதான் இருந்தது: தெரிந்தவர் கூவினால் ஊர் எழுந்தது, சாலையில் போகும் வணிகன் கூவினால் கதவுகள் மூடிக்கொண்டன. இதை அறிவுரையால் மாற்ற இயலாது என்பதை உணர்ந்த சட்டம், பணத்தால் மாற்ற முனைந்தது. கொள்ளையரைப் பிடித்துக்கொடுக்காவிட்டால், அந்த ஹண்ட்ரட்டில் வாழ்வோர் அனைவரும் சேர்ந்து பறிகொடுத்தவனின் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று அது விதித்தது. முன்பின் அறியாத ஒருவனின் இழப்பு அந்த வட்டாரத்தில் வாழும் ஒவ்வொருவருடைய கைப்பணத்தையும் தொட்டது. சட்ட வரலாற்றில் அயலானுக்குத் தரப்பட்ட மிகப் பெரிய பாதுகாப்புகளுள் ஒன்றாக இதை மதிப்பிடலாம்.

அச்சட்டத்தின் பிற விதிகளும் இதே நோக்கில் பிறந்தவை. மதில் சூழ்ந்த நகரங்களின் வாயில்கள் பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை மூடப்பட வேண்டும்; இரவுக் காவலர் ஐயத்துக்குரிய அயலாரைத் தடுத்துவைக்கலாம், அவர்கள் நிற்காமல் ஓடினால் கூக்குரல் எழுப்பலாம்; சந்தை ஊர்களை இணைக்கும் பெருவழிகளின் இருபுறமும் 200 அடிவரை, பெருமரங்கள் நீங்கலாக, ஆள் பதுங்கக்கூடிய புதர்களும் பள்ளங்களும் அகற்றப்பட வேண்டும்; 15 முதல் 60 வயதுவரை உள்ள ஆண்கள் அனைவரும் தத்தம் சொத்துக்குத் தக்கபடி ஆயுதம் வைத்திருக்க வேண்டும். ஆயுதமும் அகன்ற சாலையும் மூடிய வாயிலும், எழும் குரல் வீணாகாமல் இருப்பதற்கான கருவிகள். சட்டம் ஊர்தோறும் சந்தைதோறும் உரத்து அறிவிக்கப்பட வேண்டும் என்றும் கட்டளையிடப்பட்டமையால், தெரியாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லாமற்போயிற்று.

கேட்டவருக்குக் கடமை இருந்ததைப் போலவே, கூவியவருக்கும் பொறுப்பு இருந்தது. இடைக்கால இங்கிலாந்தின் பண்ணைமன்ற ஏடுகளில், அதாவது நிலக்கிழார்களின் ஆளுகைக்குட்பட்ட சிற்றூர் வழக்குமன்றங்களின் பதிவேடுகளில், இன்னார் இன்னார்மீது ‘முறையாகக் கூக்குரல் எழுப்பினார்’ அல்லது ‘முறைகேடாகக் கூக்குரல் எழுப்பினார்’ என்ற இருவகைக் குறிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முறையாக எழுப்பப்பட்டிருந்தால் எதிராளியும், முறைகேடாக எழுப்பப்பட்டிருந்தால் கூவியவரும் சில பென்ஸ் காசுகள் தண்டம் கட்ட வேண்டும். வேலித் தகராறு, கைகலப்பு, வீடு புகுதல், தானியத் திருட்டு என அன்றாடச் சண்டைகள் அத்தனையும் இந்த ஒரு குறிப்பின் வழியே ஏட்டில் ஏறின. பொய்க்கூச்சல் தண்டனைக்குரியது என்ற இக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. காரணமின்றித் தீய நோக்குடன் கூக்குரல் எழுப்புவோர் பொது அமைதியைக் குலைத்தவராகத் தண்டிக்கப்பட வேண்டும் என்று பிளாக்ஸ்டன் என்னும் சட்ட அறிஞர் 1769இல்கூட எழுதினார்.

இந்த ஏடுகளை ஆராய்ந்தவர்கள் கண்ட செய்திகளுள் மிகவும் எண்ணிப்பார்க்கத் தக்கது, கூக்குரல் எழுப்பியவர்களில் பெண்கள் கணிசமாக இடம்பெறுவது. டைத்திங் குழுவில் பெண்ணுக்கு இடம் இல்லை. சான்றாளராக அமரும் தகுதியும் ஊர்ப் பதவிகளும் அவளுக்கு மறுக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவள் வாசலில் நின்று கூவினால், டைத்திங்கில் பதிந்துள்ள ஒவ்வோர் ஆணும் எழுந்து வரக் கடமைப்பட்டவன். ஊரின் ஆட்சியில் எந்தப் பங்கும் இல்லாத ஒருத்தியின் குரல் ஊர் முழுவதையும் சட்டப்படி கட்டுப்படுத்தியது என்பது, அந்த நூற்றாண்டுகளின் இறுக்கமான அடுக்குமுறைக்குள் எங்கோ ஒரு சாளரம் திறந்திருந்ததைப் போன்றது.

ஆனால் அதே கூக்குரல் பெண்ணுக்கு எதிராகவும் திருப்பப்பட்டது. வன்புணர்ச்சிக்கு ஆளான பெண் தாமதமின்றி அருகிலுள்ள ஊருக்குச் சென்று, நம்பகமான ஆண்களிடம் தன் காயத்தையும் கிழிந்த ஆடையையும் குருதியையும் காட்ட வேண்டும் என்று, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த, கிளான்வில் பெயரால் வழங்கும் சட்டநூல் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரால் வழங்கும் நூல், அவள் கூக்குரலோடு செல்ல வேண்டும் என்பதையும் தெளிவாகச் சேர்க்கிறது. உதவிக்கு அழைக்கும் கருவியாக இருந்த குரல், இங்கே மெய்ப்பிக்கும் சான்றாக மாறிவிட்டது. மாட்டைப் பறிகொடுத்தவன் கூவாமல் இருந்தால் மாடு திரும்பக் கிடைப்பது அரிதாகும். பெண் கூவாமல் இருந்தாலோ, குற்றமே நடக்கவில்லை என்று முடிவுகட்டப்பட்டது. அச்சத்தால் நா எழாமற்போகலாம், வாய் பொத்தப்பட்டிருக்கலாம், கேட்கும் தொலைவில் எவரும் இல்லாமலும் இருக்கலாம் என்ற எளிய உண்மைகளுக்கு அந்நூல்களில் இடம் இல்லை. இந்தக் கோணல், மூல அமைப்பு அழிந்த பிறகும் அழியவில்லை என்பது பின்னர் விளங்கும்.

குரலுக்குச் சட்டவலிமை உண்டு என்ற நார்மானிய மரபின் ஒரு கிளை, ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி, கேர்ன்சி தீவுகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. தன் நிலத்திலோ உரிமையிலோ ஒருவர் அத்துமீறுவதைக் காண்பவர், சாட்சிகள் இருவர் முன்னிலையில் முழந்தாளிட்டு, ‘ஹாரோ’ என்று மும்முறை கூவி, தனக்கு அநீதி இழைக்கப்படுவதாகவும் தன் இளவரசர் உதவிக்கு வர வேண்டும் என்றும் பிரெஞ்சு மொழியில் முறையிட்டால், மன்றம் தீர்க்கும்வரை அந்த வேலை நின்றாக வேண்டும். ‘கிளமேர் தெ ஹாரோ’ எனப்படும் இந்த முறையீடு 2018இல்கூடக் கேர்ன்சியில் ஒரு சாலைப் பணியை எதிர்த்து எழுப்பப்பட்டது. நார்மண்டியின் முதல் ஆட்சியாளரான ரோலோவின் பெயரே ‘ஹாரோ’வில் ஒலிக்கிறது என்பது செவிவழிக் கதையாகவே கொள்ளத்தக்கது. எனினும் 1087இல் கான் நகரில் வெற்றிவேந்தன் வில்லியத்தை அடக்கம் செய்ய முற்பட்டபோது, அந்த நிலம் தன் தந்தையிடமிருந்து பறிக்கப்பட்டது என்று ஒருவர் எழுந்து நின்று தடுத்ததும், குழியளவு இடத்துக்கு அங்கேயே 60 ஷில்லிங் கொடுக்கப்பட்ட பின்னரே அடக்கம் நடந்ததும், அக்கால வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸ் எழுதிவைத்த செய்தி.

இங்கிலாந்தில் கூக்குரல் அமைப்பு திடீரென்று மறையவில்லை. விதிவிலக்குகளாலும் தாள்களாலும் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. குதிரை வீரரும் காலாட்களும் சேர்ந்து துரத்தினாலன்றி அது நிறைவான கூக்குரல் ஆகாது என்று 1585ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பெருவழி குறுக்கே செல்லும் சிறிய ஹண்ட்ரட்டுகள் யாரோ அடித்த கொள்ளைக்கெல்லாம் ஈடுகட்டி நொடித்துப்போக நேர்ந்ததால், பெர்க்ஷயரிலுள்ள பெயின்ஹர்ஸ்ட் என்ற சிறிய ஹண்ட்ரட்டின் குறைதீர்க்கவென்றே எலிசபெத் காலத்தில் 1597–98இல் தனிச்சட்டம் ஒன்று இயற்ற வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமையில் பயணம் செய்து கொள்ளையடிக்கப்பட்டவருக்கு ஈடு கிடையாது என்று 1677ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. இதற்கிடையில் குரலின் இடத்தை எழுத்து பிடித்துக்கொண்டது. கொம்புக்குப் பதிலாக, குற்றவாளியின் உயரமும் முடியும் உடையும் குதிரையின் நிறமும் எழுதிய தாள் ஒரு கான்ஸ்டபிளிடமிருந்து அடுத்த கான்ஸ்டபிளுக்குப் போயிற்று. அத்தாளுக்கும் ‘ஹியூ அண்ட் க்ரை’ என்றே பெயர். லண்டனின் போ தெருவில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவரும் கண்பார்வை அற்றவருமான ஜான் ஃபீல்டிங் 1772இல் தொடங்கிய குற்றத் தகவல் ஏடு, பின்னர் அத்தொடரையே பெயராகச் சூடி, 1828இல் ‘போலீஸ் கெசட்’ ஆனது. ஓடிவரக் கடமைப்பட்டிருந்த ஊரார், இவ்வாறு வாசகர் ஆயினர்.

கடல்கடந்து சென்ற கூக்குரல் வேறு கைகளுக்கும் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில், தப்பியோடிய ஒப்பந்த ஊழியரையும் அடிமைகளையும் பிடிப்பதற்கு இதே பெயரில் ஆணைகள் பிறந்தன. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் பற்றிய அமெரிக்கச் சட்டம், அடிமைகளைப் பிடித்துத்தரக் குடிமக்கள் அனைவரும் உதவ வேண்டும் என்று கட்டளையிட்டது. கேட்டவர் வந்தாக வேண்டும் என்ற விதி தன்னளவில் நல்லது என்று சொல்லிவிட முடியாது. யார் கூவுகிறார், யாரைப் பிடிக்க என்பதைப் பொறுத்தே அது அறமாகவும் கொடுமையாகவும் ஆகிறது. சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் உண்மையான திருடர்களே துரத்தும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டு ‘திருடனைப் பிடி’ என்று கூவ, குற்றமற்ற சிறுவன் அடிபட்டு விழுகிறான். அந்நாவல் வெளிவரத் தொடங்கிய 1837க்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கூக்குரல் சட்டங்கள் நீக்கப்பட்டிருந்தன. கூவினால் கூட்டம் சேரும் பழக்கம் இருந்தது, பொய்யாகக் கூவியவனைத் தேடித் தண்டிக்கும் சிற்றூர் மன்றம் போய்விட்டது.

அந்த நீக்கம் நிகழ்ந்தது 1827இல். 1829இல் லண்டனில் மாநகரக் காவல்துறை பிறந்தது. ஆனாலும் வட்டாரம் ஈடுகட்டும் பழைய பொறுப்பின் ஒரு கூறு, கலகத்தால் நேரும் இழப்புகளைப் பொறுத்தவரை பிழைத்துக்கொண்டது; 1886ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுமையைக் காவல்துறை நிதியின்மேல் வைத்தது, 2011ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு கடைக்காரர்கள் அதன்கீழ் ஈடு கோரினர், 2016இல் அதற்குப் பதிலாகப் புதுச்சட்டம் வந்தது. சட்டத்திலிருந்து விடுபட்ட தொடர் மட்டும் உருவகமாகி, எவரையும் கட்டுப்படுத்தாத பொதுக் கண்டனத்தைக் குறிக்கலாயிற்று.

இந்திய ஆங்கிலத்தில் நிலைமை வேறு. இங்குள்ள முதல் தகவல் அறிக்கைகளிலும் தீர்ப்புகளிலும், பாதிக்கப்பட்டவர் ‘ஹியூ அண்ட் க்ரை’ எழுப்பினார், அதைக் கேட்டு அண்டை வீட்டார் திரண்டனர் என்ற வாய்பாடு இன்றும் நாள்தோறும் எழுதப்படுகிறது. பிரிட்டனில் வழக்கொழிந்த பழம்பொருள் இங்கே உயிரோடு உலவுகிறது. தமிழ் நாளேடுகளின் ‘சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தினர் ஓடிவந்தனர்’ என்ற வாக்கியமும் அதே வாய்பாட்டின் உடன்பிறப்பு. எழுத்தர் பழக்கத்தால் எழுதும் வரியாக அது தோன்றினாலும், வழக்கில் அதன் எடை பெரிது. தாக்கப்பட்டவள் கூவினாளா, யார் கேட்டார், கேட்டவர் உடனே வந்தாரா என்பவை குறுக்கு விசாரணையில் நூல்நூலாகப் பிரிக்கப்படும் கேள்விகள். வன்புணர்ச்சிக்குப் பின் விரைவில் செய்யப்பட்ட முறையீடு ஏற்கத்தக்க சான்று என்பதற்கான எடுத்துக்காட்டு, 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 8ஆம் பிரிவிலேயே தரப்பட்டது. சான்றாகப் பயன்படலாம் என்பதற்கும், இல்லாவிட்டால் ஐயம் கொள்ளலாம் என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை நீதிமன்றங்கள் பலமுறை எளிதாகக் கடந்துவிட்டன.

1972இல் மகாராட்டிரத்தின் ஒரு காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவலரால் வன்புணர்ச்சி செய்யப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தந்த தண்டனையை 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. உடலில் காயம் இல்லை என்பதோடு, உறவினர் அருகில் இருந்தும் அவள் அவர்களை நோக்கிக் கூவவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பிராக்டன் நூல் வைத்த அளவுகோல், கூக்குரலை எழுப்பினால் வந்து நிற்க வேண்டிய காவலரே குற்றவாளியான இடத்தில், பிசகாமல் பொருத்தப்பட்டது. உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் இந்தக் கொடுமையை நாட்டின் முன் வைத்தது. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. அந்தத் தெருக்குரல்கள், இத்தொடரின் இக்காலப் பொருளுக்கும் பழம்பொருளுக்கும் ஒருங்கே உரியவை எனலாம். ஒருத்திக்காகப் பலர் கூவினர், கேட்ட நாடாளுமன்றம் 1983இல் சட்டத்தைத் திருத்தியது. காவலில் நிகழும் வன்புணர்ச்சி வழக்குகளில், தான் இசையவில்லை என்று பெண் மன்றத்தில் கூறினால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்ற, சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு அவ்வாறு பிறந்தது. 1996இல், பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது பள்ளி மாணவி கூச்சலிடவில்லை என்று காட்டி அவளை நம்ப மறுத்த விசாரணை நீதிமன்றத்தின் போக்கை உச்ச நீதிமன்றமே வன்மையாகக் கண்டித்தது; உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் கொண்டு இசைவு என்று கருதக் கூடாது என 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

கூவாதவள்மீது விழுந்த பழியைச் சட்டம் இவ்வாறு படிப்படியாகக் களைந்துவரும்போது, கேட்டவர்மீது என்ன கடமை எஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது தேவையாகிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, மாஜிஸ்திரேட்டோ காவல் அதிகாரியோ உதவி கேட்டால் குடிமகன் உதவக் கடமைப்பட்டவன். 43ஆம் பிரிவின்படி, தன் கண்முன் கடுங்குற்றம் செய்பவனை அவன் பிடிக்கலாம், ஆனால் பிடித்தாக வேண்டும் என்பதில்லை. அவ்விதிகள் 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் தொடர்கின்றன. அழைப்பது அதிகாரியானால் கடமை, அழைப்பது பாதிக்கப்பட்டவரானால் விருப்பம். இடருக்குள்ளானவருக்குத் தனக்கு ஆபத்தின்றி உதவ முடிந்தும் உதவாதவரைச் சிறையிலிடப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் இடந்தருகிறது. இங்கே 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, விபத்தில் உதவியவரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்கிறதே தவிர, உதவாமல் போனவரைக் கேள்வி கேட்பதில்லை. குற்றம் நடப்பதை அறிந்தவர் அதைக் காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும் என்ற கடமையை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு வகுத்து, அதற்குரிய குற்றங்களைப் பட்டியலிட்டது. கொலை, கொள்ளை, கள்ள நோட்டு, உணவுக் கலப்படம் ஆகியவை அப்பட்டியலில் உண்டு. சிறார்மீதான பாலியல் குற்றங்களைத் தெரிவிக்கும் கடமை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தால் தனியே வந்தது. ஏன் கூவவில்லை என்று நூற்றாண்டுக் கணக்கில் பெண்ணைக் கேட்டுவந்த குற்றமான வன்புணர்ச்சியோ, கேட்டும் அறிந்தும் வாளாவிருந்த அண்டை வீட்டாரைக் கேட்பதற்கான அந்தப் பட்டியலில், அச்சட்டம் நடைமுறையில் இருந்த ஐம்பது ஆண்டுகளும் சேர்க்கப்படவே இல்லை.